அடிபடாமல் உள்ளே போனவள்

அந்தக் கோடையில் எங்கள் ஊர் ஆற்றுக்கரை மருத்துவமனைக்கு ஓர் உத்தரவு வந்தது: நோயாளியைப் பார்க்க யாரும் உள்ளே போகக் கூடாது. நல்ல உத்தரவுதான். நோய் காற்றில் வருகிறது, காற்றுக்குக் கதவு போட முடியாது, மனிதனுக்காவது போடுவோம் என்று மேலே உட்கார்ந்திருப்பவர்கள் யோசித்திருக்கிறார்கள். நான் அதில் குறை சொல்லமாட்டேன். நான் துணி வியாபாரி. முகக்கவசம் தைக்கத் துணி கொடுத்ததற்காக என்னை மருத்துவமனையின் ஒழுங்குக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதியாக உட்கார வைத்தார்கள். துணி கொடுத்தால் பதவி வரும் என்று முன்பே தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் நல்ல துணியாகவே கொடுத்திருப்பேன்.

சிக்கல் உத்தரவில் இல்லை, எங்கள் ஜனங்களிடம் இருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் ஒருவன் படுத்துவிட்டால் சொந்தபந்தம் மொத்தமும் ரொட்டியும் சூப்புமாகக் கிளம்பிவிடும். சூப்பைக்கூட வாசலில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் சாகப் போகிறவனிடமிருந்து வாங்க வேண்டியது இன்னொன்று இருக்கிறதே, அதை வாசலில் வாங்க முடியாது. 'ரோஜி' என்ற ஒரு சொல். மனதார விட்டேன், இனி உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். நோயாளி அதைத் தன்னைப் பார்க்க வந்தவரிடம் சொல்ல வேண்டும், வந்தவர் நோயாளியிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒருவர் போய்விட்டால் மிச்சம் இருப்பவருக்கு இந்த உலகத்திலும் தூக்கம் இல்லை, அந்த உலகத்திலும் இடம் இல்லை. அதனால் ஆட்கள் மதில் ஏறினார்கள், சமையல்காரன் வேஷம் போட்டார்கள், பிண வண்டிக்குள் படுத்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

தலைமை மருத்துவர் இலிம்பெக் ஷர்ஷேனோவிச் இதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. ஊரில் மல்யுத்தப் பள்ளியை மூடியிருந்தார்கள். அங்கே சும்மா இருந்த பையன்களைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினார். அவர்களுக்குத் தலைவன் டாவ்ரான். காது இரண்டும் நசுக்கிய கொழுக்கட்டை மாதிரி இருக்கும். நல்ல பையன், பெரியவர்களைச் சலாம் சொல்லாமல் அடிக்கமாட்டான்.

முதல் நாளே ஒரு லாரிக்காரன் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று முண்டினான். டாவ்ரான் சலாம் சொல்லி, தூக்கி, படிக்கட்டில் போட்டான். கால் இரண்டு இடத்தில் ஒடிந்தது. கால் ஒடிந்தவனை எங்கே கொண்டு போவது? மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது. உள்ளே தூக்கிப்போய் மாவுக்கட்டுப் போட்டு, படுக்கையும் கொடுத்து, கையில் ஊன்றுகோலும் கொடுத்தார்கள். மறுநாள் காலை அவன் ஊன்றுகோலோடு மாடி ஏறி, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ரோஜி சொல்லி, ரோஜி வாங்கிவிட்டான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. அவன் பார்வையாளன் இல்லையே, நோயாளி.

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

அதற்கப்புறம் வாசலில் நின்ற வரிசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பஜாரில் ரமலான் மாசத்துச் சர்க்கரைக்குக்கூட அப்படி நின்றதில்லை.

"தம்பி, கொஞ்சம் பலமாப் போடுப்பா. நேத்து எம் மச்சானை நீ ஏனோதானோன்னு தட்டினதுல, அயோடின் தடவி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

"வரிசையில வாங்க அகா. எனக்கும் இருக்கிறது ரெண்டு கைதான்."

"எங்கப்பாவுக்கு மூச்சு நிக்கப் போகுதாம்பா, என்னை முதல்ல அடிச்சு விடேன்!"

"எல்லாருக்கும் அப்பா இருக்காரு. தள்ளு."

இலிம்பெக் ஷர்ஷேனோவிச் எதையும் முறைப்படி செய்கிறவர். அடிக்கு ஓர் அளவு வகுத்தார். சிராய்ப்புக்கு அயோடின், அதோடு வீட்டுக்கு. மூக்கு உடைந்தால் கட்டுப்போடும் அறைவரை. கை ஒடிந்தால் கீழ்த்தளத்தில் படுக்கை. கால் ஒடிந்தால் படுக்கையோடு ஊன்றுகோலும் உண்டு, ஊன்றுகோல்காரர்களுக்கு மட்டும் நடைப்பயிற்சிக்காக மாடிப்படி ஏற அனுமதி. கடுமையான நோயாளிகள் மாடியில்தான் கிடந்தார்கள் என்பதால் கால்தான் அதிகம் ஓடியது.

செருப்புத் தைக்கிற ஒருவன், வாசலில் கூட்டம் என்று வீட்டிலேயே அண்ணனை விட்டுக் கையை ஒடித்துக்கொண்டு வந்தான். தலைமை மருத்துவருக்கு வந்ததே கோபம்!

"வெளியில ஒடிச்ச கையை எதுக்குய்யா இங்க தூக்கிட்டு வர்றே? நம்ம வாசல்ல ஒடிஞ்சா நம்ம பொறுப்பு. கண்ட கண்ட எடத்துல ஒடிச்சுட்டு வந்தா சுகாதாரம் என்ன ஆகுறது?"

டாவ்ரான் சலாம் சொல்லி அவனுடைய மற்றக் கையையும் ஒடித்தான். முறைப்படி சேர்த்துக்கொண்டார்கள்.

தலைநகரத்தில் ஒரே சந்தோஷம். நாட்டிலேயே பார்வையாளர் ஒருவர்கூட நுழையாத மருத்துவமனை எங்களுடையதுதான் என்று சுவரில் மாட்டப் பாராட்டுப் பலகை அனுப்பினார்கள். அதை மாட்ட வந்தவன் ஆணியடிக்க உள்ளே போக வேண்டும் என்றான். அவனுக்கும் மூக்கு உடைந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒரு சங்கடம் வந்தது. மல்யுத்தப் பையன்களின் கைமுட்டிகள் வீங்கிவிட்டன. கூடுதல் ஆள் வேண்டியிருந்தது. மாட்டுச் சந்தை மூடிக் கிடந்தது; தரகர்கள் சும்மா இருந்தார்கள். அவர்களில் மணிக்கட்டுப் பெருத்த ஒருவனைப் பிடித்து வந்தார்கள். அவன்தான் சத்வால்தி.

அந்த மணிக்கட்டு நெட்டிலிங்க மரக்கட்டை மாதிரி இருக்கும், உண்மைதான். ஆனால் அது அடித்துப் பெருத்ததில்லை. மாட்டுச் சந்தையில் தரகன் வேலை என்ன? விற்கிறவன் கையையும் வாங்குகிறவன் கையையும் சேர்த்துப் பிடித்து, இரண்டு பேரும் ஒரு விலைக்கு வருகிறவரை மேலும் கீழும் உலுக்குவது. சட்டைக் கை கிழிந்து போனதை நானே பார்த்திருக்கிறேன். தோள் இறங்கிப் போனவனும் உண்டு. கடைசியில் இரண்டு பேர் வாயிலிருந்தும் ரோஜி வந்ததும் தரகன் கையை விடுவான். அப்புறம் மாடு செத்தாலும் பேச்சு மாறக் கூடாது. சத்வால்தி பிறந்ததிலிருந்து அந்த ஒரே வேலையைத்தான் செய்தவன். வீட்டில் ஏழு வயிறு. சந்தை எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அவன் வேலைக்குச் சேர்ந்த அன்று அவன் முன்னால் வந்து நின்ற முதல் ஆள் சனோபர்.

சனோபரை எனக்குத் தெரியும். பஜாரில் என் கடைக்கு எதிரே உலர்ந்த வாதுமைப்பழம் விற்கிறவள். அவளிடம் விலை குறைத்துக் கேட்டவன் தன் குடும்பத்தைப் பற்றிப் புதிதாகச் சில செய்திகள் தெரிந்துகொண்டுதான் போவான். அவள் புருஷன் ஹோஷிம் மாடியில் மூச்சுக்குக் குழாய் மாட்டிக் கிடந்தான். அவனை வண்டியில் ஏற்றிய அன்று காலையில், இருமலுக்கு மருந்து என்று அவன் வோட்காவைக் குடிக்கப் போக, இவள் தேநீர்க் கூஜாவால் அவன் நெற்றியைப் பிளந்துவிட்டாள். கட்டுப் போட்ட நெற்றியோடு கொண்டு போனார்கள். ஒரு வார்த்தை பேச நேரமில்லை.

"கால், ஓபா" என்றான் சத்வால்தி. எங்கள் ஊரில் அக்காவுக்கு ஓபா, அண்ணனுக்கு அகா. "மாடிக்குப் போகணும்னா கால்."

"காலா? அடப்பாவி, கடையில நாள் பூரா நின்னு விக்கிறவடா நான். கை எடுத்துக்க."

"கை கீழ்த்தளத்தோட சரி."

"மூக்கு எடுத்துக்க. இந்த மூக்கால எனக்கு எந்த லாபமும் வந்ததில்ல."

இங்கேதான் தவறு நடந்தது. அவள் பேசிக்கொண்டே வியாபாரி வழக்கப்படி கையை நீட்டினாள். நீட்டிய கையைப் பிடிக்காமல் இருக்க எங்கள் ஊரில் எந்தத் தரகனாலும் முடியாது. சத்வால்தி பிடித்தான். பிடித்ததும் கை தானாக உலுக்கத் தொடங்கிவிட்டது.

"மூக்கெல்லாம் வேலைக்காகாது ஓபா, விரலாவது ரெண்டு குடுங்க!"

"ரெண்டா? ஒண்ணு. அதுவும் சுண்டு விரல்."

"சுண்டு விரலுக்கு யாரு மாடி விடுவாங்க? என் பொழப்பைக் கெடுக்காதீங்க!"

"உன் பொழப்பா? அங்க ஒருத்தன் என் கையால நெத்தி பொளந்து மூச்சு வாங்கிட்டுக் கெடக்கான். ஏற்கெனவே நம்ம குடும்பத்துல ஒரு மண்டை உடைஞ்சிருக்கு. அதைக் கழிச்சுக்க!"

"அது வீட்டுல உடைஞ்சது, வாசல்ல இல்ல!"

"யாரு மண்டையா இருந்தா என்ன, படுத்திருக்கிறது உங்க கட்டில்லதானே! ஒரு அறை. மெதுவா. அதுவும் வேணாம், ஒரு கிள்ளு."

"கிள்ளா?"

"அதுக்கும் மேல நீ அடிச்சா உனக்குப் பாவம்டா தம்பி. உனக்காகத்தான் சொல்றேன். ஒண்ணுமே வேணாம்னு முடிச்சுக்க. ரோஜியா?"

"ரோஜி!" என்றான் சத்வால்தி, கையை விட்டான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. அதற்குள் அவள் மாடிப்படியில் இருந்தாள்.

"டேய், அடிச்சியா?" என்றான் டாவ்ரான்.

"பேரம் முடிஞ்சிடுச்சு."

"எவ்வளவுக்கு?"

"சும்மா."

மாடியில் ஹோஷிமுக்குப் பேச்சு வரவில்லை. அவள் கூஜாவைப் பற்றிச் சொல்லி அழுதாள். அவன் வோட்காவைப் பற்றித் தலையசைத்தான். உதட்டை மட்டும் அசைத்து ரோஜி சொன்னான். சாயந்திரத்துக்குள் போய்விட்டான். அவள் இறங்கி வந்தபோது எல்லோருக்குமே தெரிந்துபோனது: கட்டு இல்லாமல், ஊன்றுகோல் இல்லாமல், சொந்தக் கால் இரண்டில் ஒரு மனுஷி வெளியே நடந்து போவதை டாவ்ரானின் பையன்கள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

மறுநாள் ஒழுங்குக் குழு முற்றத்தில் முசுக்கட்டை மரத்தடியில் கூடியது. தொற்று பரவக் கூடாது என்று நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். தலைமை தாங்க மாகாணச் சுகாதார அலுவலகத்திலிருந்து ரைசா மமத்தோவ்னா அம்மையார் வந்திருந்தார். வாசலில் அன்றைய வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தடவை எலும்புச் சத்தம் வரும்போதும் அம்மையார் பேச்சைச் சற்று நிறுத்துவார், தொழுகை அழைப்புக்கு நிறுத்துகிற மாதிரி; பிறகு தொடர்வார்.

"இந்த ஆஸ்பத்திரியை நெனச்சு எனக்கு அவ்வளவு பெருமை" என்றார். "எங்க போனாலும் உங்களைத்தான் உதாரணம் காட்டுறேன். நேத்து என்ன ஆச்சு? ஒரு பொம்பளை, நோயாளியே ஆகாம, நோயாளியைப் பார்த்துட்டா! இன்னைக்கு ஒருத்தி. நாளைக்கு எல்லாரும் ஆரோக்கியமா உள்ள வர ஆரம்பிச்சா இது ஆஸ்பத்திரியா இருக்குமா, சொல்லுங்க."

வாசலில் யாரோ அலறினார்கள். அம்மையார் காத்திருந்தார்.

"மக்கள் மேல அக்கறை இல்லாதவன்தான் மக்களை அடிக்காம விடுவான்" என்று முடித்தார்.

இலிம்பெக் ஷர்ஷேனோவிச் எழுந்தார். "நான் மருத்துவன். யாருக்கும் தீங்கு செய்யமாட்டேன்னு சத்தியம் பண்ணினவன். அதனாலதான் அடிக்கிறதுக்குத் தனியா ஆள் வெச்சிருக்கேன். என் கை சுத்தமா இருக்கு, வேணும்னா பாருங்க." கையைக் காட்டினார். சுத்தமாகத்தான் இருந்தது. அயோடின்கூட இல்லை.

சத்வால்தி தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"ஏன் அடிக்கல?" என்றார் அம்மையார்.

"விலை படியலைங்க."

"விலையா? இது என்ன சந்தையா?"

"கையை நீட்டிட்டாங்கம்மா. நீட்டின கையை எப்படி அடிக்கிறது?"

"உன்னை வேலையை விட்டுத் தூக்கி, கூடவே கறுப்புக் குறிப்பும் வெச்சு அனுப்புவோம், தெரியுமா? அதுக்கப்புறம் தெருக் கூட்டக்கூட எவனும் சேத்துக்க மாட்டான்."

"தெரியும்மா" என்றான். "வீட்டுல ஏழு பேர். மாவு தீந்து போச்சு. வேலையை மட்டும் எடுத்துராதீங்க. வேற என்ன வேணா செய்யிறேன்."

"அப்படின்னா வழி இருக்கு" என்றார் தலைமை மருத்துவர், ஏதோ புது மருந்து கண்டுபிடித்தவர் போல. "நடந்ததை மாத்த முடியாது. ஆனா நடக்காததை நடத்தலாமே? உள்ள போறதுக்கு முந்தி விழ வேண்டிய அடி விழல, அவ்வளவுதானே தப்பு? இப்ப விழட்டும். தேதியை முந்திப் போட்டுக்கலாம். அப்போ அவ அடிபட்டு உள்ள போனவ ஆயிடுவா. விதி மீறலே நடக்கல!"

பொதுமக்கள் பிரதிநிதி ஏதாவது பேச வேண்டுமே என்று நான் கேட்டேன்: "அவ புருஷன்தான் செத்துட்டானே. இனி அவ யாரையும் பார்க்கப் போறதில்லையே?"

"பொதுமக்கள் உணர்ச்சிவசப்படுறாங்க" என்றார் ரைசா மமத்தோவ்னா. எனக்குத் தேநீர் ஊற்றச் சொன்னார்.

சனோபரைக் கூட்டி வந்தார்கள். துக்கத்துக்குரிய நீல முக்காடு போட்டிருந்தாள், ஆனால் வாய் துக்கத்தில் இல்லை.

"எதுக்குக் கூப்பிட்டீங்க? துக்கத்துக்கு வந்தவங்களுக்கு பிலாவ் அடுப்புல கெடக்கு. அடிப்பிடிச்சா நீங்க வந்து பாத்திரம் தேய்ப்பீங்களா?"

விஷயத்தைச் சொன்னார்கள். அவள் அதிகாரிகளைப் பார்க்கவே இல்லை. சத்வால்தியைப் பார்த்தாள்.

"உன் வேலை போயிருமாடா?"

"ஆமா ஓபா."

"அப்போ அடி. என்ன மரம் மாதிரி நிக்கறே? எனக்கு வேண்டியது கெடச்சாச்சு. எம் புருஷன் வாயால வாங்கிட்டேன். அடிச்சுட்டு உன் புள்ளைங்களுக்கு மாவு வாங்கிட்டுப் போ."

"முடிஞ்ச பேரத்துல திரும்ப விலை ஏத்துறது எங்க தொழில்ல கெடையாது, ஓபா."

"தொழிலாம் தொழில்! கன்னுக்குட்டி வித்தவனுக்குக் கௌரவத்தைப் பாரு! அடிடா முட்டாள்!"

"ஓங்கு" என்றார் தலைமை மருத்துவர்.

சத்வால்தி ஓங்கினான்.  கை மேலேயே நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்றாள். கை மெல்ல இறங்கி அவன் தொடையோடு ஒட்டிக்கொண்டது.

"முடியலைம்மா."

ரைசா மமத்தோவ்னா பெருமூச்சு விட்டார். "டாவ்ரான்."

டாவ்ரான் வாசலிலிருந்து கைமுட்டியைத் துடைத்துக்கொண்டே வந்தான். சனோபருக்குச் சலாம் சொன்னான். "கையா, காலா?" என்று கேட்டான்.

"மாடிக்குப் போனவ" என்றார் தலைமை மருத்துவர். "விதிப்படி கால்."

ஒரே உதை. அடுப்புக்குக் காய்ந்த கொப்பை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். சனோபர் கத்தவில்லை. முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு மண்ணில் புரண்டாள். திணித்ததை எடுத்ததும், இலிம்பெக் ஷர்ஷேனோவிச்சின் ஏழு தலைமுறையும் யார் யாருக்குப் பிறந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். நாலாவது தலைமுறையில் மயக்கம் வந்துவிட்டது. தூக்குப் படுக்கையில் வைத்து உள்ளே கொண்டு போய், கீழ்த்தளத்தில் போட்டார்கள். பக்கத்தில் ஊன்றுகோல் வைத்தார்கள். மாடியில் அவளுக்கு இனி யாரும் இல்லை.

தீர்மானம் எல்லோருக்கும் திருப்தியாக அமைந்தது. சம்பந்தப்பட்ட பெண் நுழையும் முன்பே முறைப்படி கால் ஒடிக்கப்பட்டவள் என்று குழு கண்டறிந்தது. ஆகவே மீறல் இல்லை. மீறல் இல்லாததால் வேலை நீக்கமும் இல்லை. சத்வால்திக்கு எச்சரிக்கை மட்டும்.

"இது கடைசி" என்றார் அம்மையார். "இனிமே உன் வரிசையில வர்றவங்களை நீதான் அடிக்கணும். நீ அடிக்கலைன்னா உன்னை வீட்டுக்கு அனுப்புவோம், அவங்களை டாவ்ரான் கிட்ட அனுப்புவோம். அவன் ஒரு காலோட நிறுத்தமாட்டான். ஒழுங்கு நடவடிக்கைங்கிறது பழிவாங்குறது இல்ல தம்பி, திருத்துறது."

யார் யார் ஆதரவு என்று கேட்டார்கள். நானும் கையைத் தூக்கினேன். கை முழுசாக இருக்கும்போதே தூக்கிவிடுவது நல்லது.

மறுநாள் காலை, புதுத் துணிக்கட்டை இறக்க நான் வாசலில் நின்றிருந்தேன். டாவ்ரானின் வரிசை சாலைவரை நீண்டிருந்தது. அவன் அடிக்காவிட்டால் டாவ்ரானிடம் இரண்டு மடங்கு என்று ஊருக்குத் தெரிந்திருந்ததால், சத்வால்தியின் வரிசையில் ஒரே ஒரு பெண்தான் நின்றாள். சனோபரின் மகள், மஹ்லியா. வீட்டில் தந்தூர் போட்டு ரொட்டி சுட்டு விற்கிற பெண். அப்பாவைப் புதைத்த களைப்பு முகத்தில் இருந்தது. இடுப்பில் துணி சுற்றிய பாத்திரத்தில் சூப்பு ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"சத்வால்தி அகா" என்றாள். "அம்மாவுக்கு ராத்திரி பூரா காய்ச்சலாம். இருமுறாங்களாம். நான் ரோஜி கேக்கணும். மாடி வேணாம், கீழ்த்தளம் போதும்."

அம்மா சொல்லிக் கொடுத்தபடி கையை நீட்டினாள்.

சத்வால்தி அந்தக் கையைப் பார்த்தான். பிடிக்கவில்லை. பக்கத்து வரிசையில் டாவ்ரான் அப்போது ஒருவன் வேலையை முடித்துவிட்டு, அடுத்தவனைக் கூப்பிடும் முன் விரல்களுக்குச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். மாடி ஜன்னலில் இலிம்பெக் ஷர்ஷேனோவிச்சின் வெள்ளைக் கோட்டு தெரிந்தது.

சத்வால்தி அவள் இடுப்பிலிருந்து பாத்திரத்தை வாங்கினான். சிந்தாமல் மதில் ஓரமாக வைத்தான். மூடி சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"மாவு எந்தக் கையால பிசைவே?" என்று கேட்டான்.

"வலது கையால."

"அப்போ இடதைக் குடும்மா" என்றான்.